வாய் மறைந்த இடம்

தை முடியப் போகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக் காவாந்தண்டலம். நவரை நடவுக்குச் சேடை ஓட்டிய கழனி.

மடையோரத்து மூலையில் மட்டும் தண்ணீர் வடிவதே இல்லை. அங்கே கால் வைத்தால் முழங்கால்வரை போகிறது. மேல் சேறு வெதுவெதுப்பு. ஒரு சாண் கீழே குளிர்.

காலை இழுக்கிறேன். குமிழிகள் வருகின்றன. அழுகிய முட்டை நாற்றம்.

ஒரு மூச்சு நேரம் நிற்கிறது. போய்விடுகிறது.

*

மூக்கு சுருங்குகிறது. வேண்டாம் என்கிறது உடம்பு.

அது சொல்வதைக் கேட்டுக்கொண்டே இன்னொரு மூச்சு.

*

ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் புகாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. அவை விடும் மூச்சு இது.

அந்த மூச்சு மண்ணிலுள்ள இரும்பைத் தொட்டால் சேறு கறுக்கிறது. என் கால் கறுப்பாக வெளியே வருகிறது. வரப்பில் ஏறி வெயிலில் நிற்கிறேன். கறுப்பு மெல்லப் பழுப்பாகிறது.

*

1977 பிப்ரவரி. கலாபகஸ் தீவுகளுக்கு வடகிழக்கே, பசிபிக்கின் அடியில் 2,500 மீட்டர். ஆல்வின் என்ற சிறு கலத்துக்குள் மூன்று பேர். தேடிப் போவது வெந்நீர் ஊற்றை. பயணத்தை நடத்துகிறவர்கள் பாறையும் நீரும் படித்தவர்கள்.

ஊற்று இருக்கிறது. அதைச் சுற்றிப் பெரிய வெள்ளைச் சிப்பிகள், மட்டிகள், நண்டுகள். வெள்ளைக் குழாய்களின் நுனியில் சிவப்பு இறகுகள். வெளிச்சம் எட்டாத தரை. அங்கே பெரிதாக எதுவும் இருக்காது என்று எண்ணியிருந்த தரை.

கப்பலில் உயிரியல் ஆய்வாளர் ஒருவரும் இல்லை. பிடித்தவற்றைக் கெடாமல் வைக்க ஃபார்மலின் போதவில்லை. பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்காவில் சிலவற்றைப் போட்டு வைக்கிறார்கள்.

கீழிருந்து எடுத்துவந்த நீரைத் திறக்கிறார்கள். அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

*

கொக்கு ஒன்று சேற்றில் நிற்கிறது. தலையை அசைக்காமல் நடக்கிறது. நிற்கிறது.

தூரத்தில் ஏரிக்கரை. கரைமேல் ஒரு மொபெட் சத்தம் போகிறது. சத்தம் போன பிறகும் காது அதைத் தேடுகிறது.

*

அதே 1977. அதற்கு ஒரு மாதம் முன், ஜனவரி. ஜோஷி, ஹாலிஸ் என்ற இருவர் சயன்ஸ் இதழில் இரண்டு பக்கக் கட்டுரை எழுதுகிறார்கள். நெல்வேரைப் பற்றியது.

வேரைச் சுற்றியுள்ள சேற்றில் பெக்கியாட்டோவா. நீண்ட இழையாக வாழும் பாக்டீரியா. வேரைக் கொல்லக்கூடிய சல்பைடை அது எடுத்துக்கொள்கிறது. நெல் இலையிலிருந்து உள்குழல் வழியாகக் காற்று இறங்கி வேர்வரை போகிறது. வேரோரம் கொஞ்சம் ஆக்சிஜன் கசிகிறது. சல்பைடுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே, மயிரிழை அகலத்தில், அது வாழ்கிறது.

கடலடிச் செய்தி உலகெங்கும் போகிறது. நெல்வேர்ச் செய்தி இதழுக்குள்ளேயே இருக்கிறது.

*

நட்டு வேர் பிடித்த பக்கத்துக் கழனியில் ஒரு தூரைப் பிடுங்கிப் பார்க்கிறேன். பழைய வேர்களில் துரு நிறம். புது வேரின் நுனி வெள்ளை. கசிந்த ஆக்சிஜன் சேற்று இரும்பைத் தொட்ட இடமெல்லாம் துரு.

இரண்டு வேர் கறுப்பு. அங்கே சல்பைடு முந்திவிட்டது.

வரப்பில் நின்றவர் எட்டிப் பார்க்கிறார். "தண்ணிய வடிச்சுக் காயப் போடணும்." அவ்வளவுதான். நடந்துவிடுகிறார்.

காய்ச்சலும் பாய்ச்சலும். சேறு வெடிக்கும்வரை காயவிட்டு, மறுபடி பாய்ச்சுவது. வெடிப்பில் காற்று இறங்குகிறது. கீழே மூச்சு மாறுகிறது.

*

பிடுங்கிய தூரை அதே இடத்தில் வைத்து மண்ணை அழுத்துகிறேன். சாய்ந்து நிற்கிறது.

*

கலாபகஸ் ஊற்றின் வெள்ளைக் குழாய்களுக்குள் இருந்த அந்தப் புழு.

ரிஃப்டியா பாக்கிப்டிலா. ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிறது. தானே சுரந்த வெண்குழாய்க்குள் நிற்கிறது. வெளியே தெரிவது சிவப்பு இறகு மட்டும்.

வாய் இல்லை. இரைப்பை இல்லை. குடல் இல்லை. கழிவுக்கு வழியும் இல்லை.

உடலின் நடுப்பகுதி முழுவதும் மிருதுவான பழுப்புத் திசு. கண்டவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை.

*

1980. ஹார்வர்டில் ஒரு வகுப்பு. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் மெரிடித் ஜோன்ஸ் இந்தப் புழுவைப் பற்றிப் பேசுகிறார். பேச்சோடு பேச்சாக, பழுப்புத் திசுவுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதாகச் சொல்கிறார்.

கேட்டுக்கொண்டிருந்த முதலாண்டு ஆராய்ச்சி மாணவி எழுந்து நிற்கிறார். காலீன் கவனா. உள்ளே கந்தகத்தை எரித்து வாழும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்கிறார்.

அடுத்த ஆண்டு சயன்ஸில் கட்டுரை வருகிறது. இருக்கிறது. ஒரு கிராம் திசுவில் பல நூறு கோடி.

*

எழுந்து நின்ற அந்தக் கணம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம் வந்திருக்கும்.

*

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

எவ்வளவு தூரம் உள்ளே போனால் அது 'உள்ளே' ஆகிறது. நுரையீரலுக்குள் இருக்கும் காற்று இன்னும் வெளிக்காற்றுதான். ஒரு மெல்லிய சுவரைத் தாண்டிய பிறகே ரத்தம்.

வயிற்றுக்குள் இருக்கும் சோறும் அப்படி.

*

புழு பிறக்கும்போது பாக்டீரியா இல்லை. தாய் தருவதில்லை. தரையில் ஒட்டிய சின்னஞ்சிறு புழுவுக்கு வாய் உண்டு, குடலும் உண்டு.

வாய் வழியாகத்தான் பாக்டீரியா நுழையும் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2006-இல் வியன்னா ஆய்வாளர்கள் இளம் புழுக்களைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கடல்நீரிலிருந்து வரும் பாக்டீரியா தோலைத் துளைத்து நுழைகிறது. உள்ளே போய் ஒரு திசுவில் தங்குகிறது. திசு வீங்கி இடத்தை நிரப்புகிறது.

அதன் பிறகு தோலின் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. இனி எதுவும் நுழைய முடியாது.

பிறகு குடல் தேய்கிறது. வாய் மறைகிறது.

*

மறைந்த வாய்.

அதன் மேல் மனம் நிற்கிறது. நகர மறுக்கிறது. நிற்கட்டும்.

*

பிறப்பதற்கு முன் எனக்கும் அப்படி ஒரு காலம். வாயால் எதுவும் உண்ணாத காலம். நினைவு இல்லை. தொப்புள் இருக்கிறது.

*

மேட்டுக்கொல்லையில் மல்லாட்டை. நிலக்கடலைக்கு இங்கே அந்தப் பெயர். மார்கழியில் விதைத்தது. பூ எடுத்துவிட்டது. மஞ்சள் பூ வாடிய கணுவிலிருந்து சில விழுதுகள் மண்ணைத் தேடி வளைகின்றன.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை எடுக்கிறார்கள். களைக்கொட்டு மண்ணில் பட்டுப் பட்டு எழும் சத்தம். ஒருவருடையது முந்துகிறது. இன்னொருவருடையது பிந்துகிறது. சில நேரம் எல்லாம் சேர்ந்து விழுகின்றன.

களையோடு ஒரு செடி வந்துவிட்டது. வரப்பில் போட்டிருக்கிறார்கள். எடுக்கிறேன்.

வேர் முழுவதும் முடிச்சுகள். கடுகு அளவு. சில அதைவிடப் பெரிது.

ஒன்றை நகத்தால் நசுக்குகிறேன். சிவப்பு.

*

ஹீமோகுளோபின். செடியில்.

முடிச்சுக்குள் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது. அந்த வேலையை ஆக்சிஜன் கெடுத்துவிடும். ஆனால் பிடிக்கும் பாக்டீரியாவுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். செடி முடிச்சுக்குள் இந்தச் சிவப்பை வைத்திருக்கிறது. அது ஆக்சிஜனைக் கட்டிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் விடுகிறது.

புழுவின் இறகிலும் ஹீமோகுளோபின். ஒரே மூலக்கூறில் ஓர் இடத்தில் ஆக்சிஜன், வேறோர் இடத்தில் சல்பைடு. இரண்டும் சந்தித்தால் வீண். சந்திக்காமல் ஒரே ரத்தத்தில் பயணம் செய்து பாக்டீரியாவிடம் போய்ச் சேர்கின்றன. என்னுடைய ரத்தத்தில் இவ்வளவு சல்பைடு ஏறினால் செல்களின் மூச்சு நின்றுவிடும்.

*

நகத்தின் சிவப்பு காய்கிறது. பழுப்பாகிறது.

துடைக்கத் தோன்றவில்லை.

*

மல்லாட்டை வேரில் பாக்டீரியா நுழையும் வழி விரிசல். தாய்வேரிலிருந்து பக்கவேர் கிளைக்கும்போது தோல் கிழிகிறது. அந்தக் கிழிசலில் நுழைகிறது. பல பயறுச் செடிகளில் வேர்த்தூவி சுருண்டு அழைத்துப் போகும். இங்கே அந்த அழைப்பு இல்லை. வளரும்போது கிழிகிறது. கிழிந்தபோது பக்கத்தில் இருந்தது.

*

விதைக்கும் முன் சிலர் பொட்டலம் வாங்குகிறார்கள். ரைசோபியம், 200 கிராம். வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும். கரி நிறத் தூள். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைப் பருப்பின் மேல் புரட்டி, நிழலில் உலர்த்தி, விதைக்க வேண்டும்.

கஞ்சி சூடாக இருந்தால் எல்லாம் போச்சு.

பலர் வாங்குவதில்லை. இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. வேர் வரும்வரை காத்திருக்கிறது என்று எழுத வருகிறது. காத்திருக்கிறதா என்ன. இருக்கிறது.

*

மதியம். புங்க மரத்து நிழல். வயிறு ஒருமுறை உருண்டு அடங்குகிறது.

பெருங்குடலில் எத்தனையோ கோடி. அவை இப்போது என்ன செய்கின்றன என்று நினைக்கும்போது நினைப்பதும் கொஞ்சம் அவற்றின் வேலையோ என்று ஓடுகிறது. ஓடட்டும்.

தயிர்ச் சோறு. ஊறுகாயின் ஓரம் மட்டும்.

*

வங்காள விரிகுடா. 2018 பிப்ரவரி. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆய்வகத்தின் சிந்து சாதனா கப்பல், கிருஷ்ணா - கோதாவரிப் படுகைக்கு மேல் நிற்கிறது. ஆழம் சுமார் 1,750 மீட்டர். தரையில் மீத்தேன் கசிகிறது. கசிவுக்குச் சற்றுக் கீழே, மீத்தேன் பனியாக உறைந்து கிடக்கிறது.

அங்கிருந்து மண்ணை எடுத்து மேலே கொண்டுவருகிறார்கள். மட்டிகள், சிப்பிகள், மெல்லிய குழாய்ப்புழுக்கள். இந்தியக் கடல் எல்லைக்குள் உயிரோடு கண்ட முதல் குளிர் கசிவு. அடுத்த ஆண்டு கட்டுரையாக வருகிறது.

*

அங்கே வெந்நீர் இல்லை. எரிமலை இல்லை. இருப்பது ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண். இலை, மட்கு, வண்டல். அதன் மேல் வண்டல். அதன் மேல்.

புதைந்ததை நுண்ணுயிர்கள் மீத்தேனாக்குகின்றன. மீத்தேன் மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் வேறு நுண்ணுயிர்கள், இரண்டு இனம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, கடல்நீரின் சல்பேட்டால் அதை எரிக்கின்றன. எரித்ததில் மிஞ்சுவது சல்பைடு.

அந்தச் சல்பைடு வரும் இடத்தில் மட்டி தன் காலைச் சேற்றுக்குள் நீட்டி வைத்திருக்கிறது. காலின் வழியே ரத்தத்தில் ஏறுகிறது. செவுளில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் போகிறது.

*

என் கால் நினைவுக்கு வருகிறது. அது வெறுமனே சேற்றில் இருந்தது. எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவேளை எடுத்துக்கொண்டதோ.

*

செய்யாறு. மணல். ஓரமாக மட்டும் மெல்லிய ஓட்டம்.

இந்தத் தண்ணீர் திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் அருகே, கடல். வருகிற வழியில் பாதி மணலுக்குள் போய்விடும். மீதி போய்ச் சேரும். இந்த வண்டல் எவ்வளவு ஆழம்வரை போகும். கையில் ஒரு பிடி எடுக்கிறேன். விரலிடுக்கில் ஒழுகுகிறது. மினுக்கும் துகள்கள் மட்டும் ரேகையில் ஒட்டியிருக்கின்றன.

*

கடலடி உயிர்கள் சூரியனைச் சாராதவை என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது ஒரு விடுதலை.

பாதி உண்மை. சல்பைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆழத்து நீரில் இருக்கும் ஆக்சிஜன் எப்போதோ மேலே, வெயிலில், ஒரு பச்சைச் செல் விட்டது. கசிவின் மீத்தேனும் ஒரு காலத்து இலை.

விடுதலை கொஞ்சம் குறைகிறது. குறைந்தது நன்றாகவே இருக்கிறது.

*

சேற்றில் காலை நீட்டும் மட்டிகளில் ஓர் இனக்கூட்டம் பாக்டீரியாவைத் தன் முட்டையிலேயே வைத்து அனுப்புகிறது. நேற்றைய மோரில் ஒரு சொட்டு இன்றைய பாலுக்குப் போவதுபோல. பல கோடி ஆண்டுகளாக வெளியே போகாமலே இருந்ததில் அந்தப் பாக்டீரியாவின் மரபணுக்கள் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. தனியே வாழத் தேவையானவை ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன.

எது யாரை வைத்திருக்கிறது.

*

கழனித் தண்ணீரில் அசோலா. ஓரங்களில் சிவந்திருக்கிறது, குளிரினால். மாட்டுக்குத் தீவனமாக யாரோ தொட்டியில் வளர்த்தது, வாய்க்கால் வழியே வந்துவிட்டது.

இலையின் மேல்மடலில் ஒரு குழி. குழிக்குள் நீலப்பச்சைப் பாக்டீரியா. நைட்ரஜனைப் பிடித்து இலைக்குத் தருகிறது. இதுவும் வித்தோடு கூடவே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

கழனியிலும் கொல்லையிலுமாக இரண்டு வழியும். கூடவே வருவது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்திப்பது.

*

உத்திரமேரூரில், கல்லில், முதலாம் பராந்தகன் காலத்து எழுத்து. 919, 921. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம். யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது, எல்லாம் விரிவாக. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்திருக்கிறார்கள்.

ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கழனிக்கு அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஏறி வருபவற்றுக்கு எந்த வாரியமும் இல்லை.

*

கூட்டுவாழ்வு என்றதும் மனம் கைகோத்து நிற்கும் படம் ஒன்றை வரைகிறது.

புழுவின் திசுவில் நடப்பது வேறு. ஒவ்வொரு சிறு மடலிலும் பாக்டீரியா நடுவில் பிறக்கிறது. பெருகி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. ஓரத்தில் புழுவின் செல் அதைச் செரித்துவிடுகிறது.

வீடு கொடுத்து, மூச்சு கொடுத்து, தீனி கொடுத்து, தின்கிறது.

கொடுமை என்று ஒரு சொல் வருகிறது. உழவு என்று இன்னொரு சொல். இரண்டையும் வைத்துக்கொள்ளவில்லை.

*

வெயில் சாய்கிறது. நாரைகள் ஏரிக்குத் திரும்புகின்றன. சில இன்னும் தெற்கே, வேடந்தாங்கல் பக்கம்.

மோட்டார் கொட்டகையில் மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது. தண்ணீர் முதலில் இருமுகிறது. பிறகு ஒரே கனத்தில் விழுகிறது. அதன் கீழ் கை வைத்தால் உள்ளங்கை தள்ளப்படுகிறது. நிலத்தடியின் வெதுவெதுப்பு.

*

2024 டிசம்பர். இந்தியப் பெருங்கடலின் நடு மலைத்தொடர். சாகர் நிதி கப்பல். பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து இறக்கிய ஆளில்லாக் கலம், 4,500 மீட்டர் ஆழத்தில், புகையும் ஊற்று ஒன்றைப் படம் எடுக்கிறது. இந்திய ஆய்வாளர்கள் எடுத்த முதல் படம்.

படத்தில் சாம்பல் நிறம். கலங்கல். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போயிருக்கிறது ஒரு விளக்கு.

விளக்கு திரும்பியதும் அங்கே மறுபடி இருட்டு. இருட்டு என்பதும் கண் உள்ளவர் சொல்வது.

*

அதே மலைத்தொடரின் தெற்கே கைரேய் ஊற்று. 2000-இல் ஜப்பானியர்கள் கண்டது. 2,400 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மறு ஆண்டு அங்கே ஒரு நத்தை கிடைக்கிறது. அதன் பாதம் முழுவதும் செதில். செதிலின் மேல் இரும்புச் சல்பைடு. ஓட்டின் மேலும்.

கழனிச் சேற்றைக் கறுப்பாக்குவதும் இரும்புச் சல்பைடுதான்.

*

நத்தைக்கு வாய் உண்டு. குடல் சிறுத்துவிட்டது. உணவுக்குழலோடு ஒட்டிய சுரப்பி பெருத்திருக்கிறது. பாக்டீரியா அதற்குள்.

சுரப்பியோ உடலின் ஆழத்தில். ஆக்சிஜன் அங்கே போயாக வேண்டும். இதயம் பெரிதாகியிருக்கிறது. உடலின் பருமனில் சுமார் 4 விழுக்காடு. மனித இதயம் ஒன்றரைகூட வராது.

நடந்து திரியும் உயிர் அல்ல இது. ஊற்றருகே கிட்டத்தட்ட ஒரே இடத்தில். அவ்வளவு பெரிய இதயம் அடிப்பது உள்ளே இருப்பவற்றுக்காக.

*

மணிக்கட்டில் விரல் வைக்கிறேன். அடிக்கிறது.

யாருக்காக என்று கேட்கவில்லை. எண்ணவும் இல்லை.

*

அந்த நத்தை 2019-இல் சிவப்புப் பட்டியலில் சேர்கிறது. கடலடிச் சுரங்கத்தை முன்னிட்டு அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலில் ஏறிய முதல் உயிர். சுரங்கம் இன்னும் தொடங்கவில்லை.

ஊற்றுகள் உயிருக்குச் சோறு. நாடுகளுக்குச் செம்பும் துத்தநாகமும் தங்கமும். 2016-இல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்தோடு இந்தியா ஓர் ஒப்பந்தம் போடுகிறது. இந்தியப் பெருங்கடலின் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டர். 15 ஆண்டு. இப்போதைக்குத் தேட மட்டும்.

10,000 சதுர கிலோமீட்டர். காஞ்சிபுரம் மாவட்டத்தை அதற்குள் பலமுறை மடித்து வைக்கலாம்.

செய்யாற்று மணல் அள்ளிய பள்ளங்கள் தெரிகின்றன. அதைப் பற்றி மனம் ஏதோ தொடங்குகிறது. இன்று அதைப் பின்தொடரவில்லை.

*

ஊற்றுப் புழு விரைவாக வளர்கிறது. ஆண்டுக்கு 85 சென்டிமீட்டருக்கும் மேல். ஊற்று எந்நேரமும் அடங்கிவிடலாம். அவசரம்.

கசிவுப் புழுவுக்கு அவசரமில்லை. மெக்சிகோ வளைகுடாவின் அடியில் லமெல்லிப்ராக்கியா என்ற இனம் 250 ஆண்டுவரை வாழ்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்னொன்று 300-ஐயும் தாண்டுகிறது. கசிவு மெல்லக் கசிகிறது. நெடுங்காலம் கசிகிறது.

அதன் பின்முனை மெலிந்து சேற்றுக்குள் நீள்கிறது. அதன் வழியே சல்பைடு ஏறுகிறது. ஆய்வாளர்கள் அந்த முனையை வேர் என்கிறார்கள். விலங்குக்கு வேர்.

*

இருட்டிவிட்டது. பனி இறங்குகிறது. காதோரம் ஈரம்.

தவளை ஒன்று தொடங்கி, துணை கிடைக்காமல், நிறுத்திக்கொள்கிறது. வாய்க்கால் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் அதுவும் கேட்பதில்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

*

கையைக் கழுவியாயிற்று. சேற்று நாற்றம் நகக்கண்ணில் இன்னும். காலையில் வேண்டாம் என்ற மூக்கு இப்போது பேசாமல் இருக்கிறது.

*

மல்லாட்டையைப் பிடுங்கிய பின் முடிச்சுகள் மண்ணில் அழுகும். பாக்டீரியாவில் ஒரு பகுதி மண்ணுக்குத் திரும்பும். தழைச்சத்தும் கொஞ்சம்.

ஊற்றுப் புழு செத்தால் அதன் பாக்டீரியா என்ன ஆகும் என்று 2015-இல் பார்த்தார்கள். இறந்த புழுவின் திசுவிலிருந்து, ஆழத்து அழுத்தத்திலேயே வைத்துப் பார்த்தபோது, பாக்டீரியா உயிரோடு வெளியேறுகிறது. கடலுக்கு.

எங்கோ ஒரு சின்னப் புழு. அதற்கு இன்னும் வாய் இருக்கிறது.

*

புழுவுக்கு 1981-லேயே முறையான பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் மெரிடித் ஜோன்ஸ்.

உள்ளே இருப்பதற்கு 2008-இல்தான் பெயர். எண்டோரிஃப்டியா பெர்செஃபோனே. அதுவும் தற்காலிகப் பெயர். தனியாக எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டாத பாக்டீரியாவுக்கு விதிப்படி முழுப் பெயர் கிடையாது. இதன் மரபணுத்தொகுதியைப் படித்தாகிவிட்டது. எதைத் தின்னும், எதை விடும், நீந்த வால் உண்டா, எல்லாம் தெரியும். குடுவையில் தனியே வளர்ப்பது மட்டும் இன்னும் நடக்கவில்லை.